வசைக்கு விளக்கு வைத்த ஊர்

2018 செப்டம்பர் முதல் வாரத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு மீம் பகிர்ந்தேன். அப்போது தமிழ்நாடு பாரதிய ஜனதா கட்சியின் தலைவராக இருந்த தமிழிசை சௌந்தரராஜனின் தலைமுடியையும் நிறத்தையும் கேலி செய்யும் படம் அது. எதனோடு ஒப்பிட்டிருந்தார்கள் என்பதை மறுபடி இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

அந்த வாரம் எனக்குக் கோபப்படக் காரணம் இருந்தது. செப்டம்பர் 3 அன்று சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விமானத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி பா.ஜ.க.வுக்கு எதிராக முழக்கமிட்டார். அதே விமானத்தில் வந்த தமிழிசை காவல்துறையிடம் புகார் கொடுத்தார். மாணவி கைது செய்யப்பட்டார், மறுநாள்தான் ஜாமீனில் வெளியே வந்தார். ஒரு முழக்கத்துக்குக் கைதா என்று கல்லூரியில் சக ஆசிரியைகளிடம் பொரிந்து தள்ளினேன். வீட்டுக்கு வந்து நான் செய்தது அந்த மீமை அனுப்பியதுதான்.

தம்பி தங்கைகள் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் போட்டார்கள். தொத்தா மட்டும் ஒரு குரல் பதிவு அனுப்பினார். எங்கள் பக்கம் அம்மாவின் தங்கையைத் தொத்தா என்போம். "ஏம்மா, அந்தம்மா செஞ்சது தப்புன்னா அந்தத் தப்பப் போடு. முடியும் நெறமும் நம்ம வூட்லயும் இப்படித்தான இருக்குது?" அவ்வளவுதான் பதிவு.

தொத்தா நல்ல கருப்பு, சுருட்டை முடி. ஒன்பது வயதில் தறிக்குத் தார் சுற்ற உட்கார்ந்தவர். அவர் கை படாத பட்டு நிறம் கிடையாது. ஆனால் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோது, "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதும்மா" என்று கடைக்காரப் பையன் மடித்து வைத்துவிட்டதை இன்றும் சொல்லிக்காட்டுவார். அவருடைய பதிவைக் கேட்டு எனக்கு முகம் சுருங்கிப் போனது. மீமை அழித்துவிட்டேன். அதனால் கேள்வி அழிந்துவிடவில்லை. ஒருவரின் அரசியலை எதிர்க்கக் கிளம்பிய நான் அவர் உடம்பில் போய் ஏன் நின்றேன்? அந்த வழி எனக்கு எங்கே பழகியது?

நான் வரலாறு கற்பிப்பவள். இந்தக் கேள்வியோடு தேடத் தொடங்கியபோது நெடுந்தூரம் போக வேண்டியிருக்கவில்லை. விடையின் ஒரு முனை எங்கள் ஊரிலேயே, சின்ன காஞ்சிபுரத்திலேயே இருந்தது.

*

காஞ்சிபுரத்தில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கதை தெரியும். தேர்தல் நேரத்தில் அறிஞர் அண்ணாவின் வீட்டருகே அவருடைய பிறப்பை இழிவுபடுத்தி எழுதி வைத்தார்களாம். கட்சிக்காரர்கள் கொதித்துப் போனார்களாம். அண்ணா அவர்களைத் தடுத்து, பகலில் மட்டும்தான் இதைப் படிக்க முடிகிறது, இரவிலும் படிக்கட்டும் என்று பக்கத்தில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கை வைக்கச் சொன்னாராம். 1962 தேர்தலோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தக் கதை, அண்ணாவின் பெருந்தன்மைக்குச் சான்றாக இன்றும் மேடையேறுகிறது. பள்ளிப் பேச்சுப்போட்டியில் நானே இதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன்.

அப்போது எனக்குத் தோன்றாத ஒன்று இப்போது தோன்றுகிறது. ஓர் ஆணின் பிறப்பை இழிவுபடுத்துவது என்றால் என்ன? அவனைப் பெற்றவளைப் பற்றி எழுதுவதுதான். அதற்கு வேறு வழியே கிடையாது. அண்ணாவைப் பெற்றவர் பங்காரு அம்மாள். வளர்த்தவர் சிற்றன்னை இராசாமணி அம்மாள். அண்ணாவும் அவரைத் தொத்தா என்றுதான் அழைத்தார். அந்த விளக்கு வெளிச்சத்தில் ஊரே படித்தது மகனைப் பற்றி அல்ல, தாயைப் பற்றி. பெருந்தன்மை மகனுக்கு, எழுத்தில் கிடந்தது தாயின் மானம். ஆயிரம் முறை சொல்லப்பட்ட இந்தக் கதையில் பங்காரு அம்மாளுக்கு ஒரு வார்த்தை பேச இடமில்லை. எழுதியவர்களும் அவரைக் கேட்கவில்லை, விளக்கு வைத்தவர்களும் கேட்கவில்லை, கைத்தட்டிய நாங்களும் கேட்கவில்லை.

இப்படி ஒரு வசை ஏன் எங்கள் ஊரில் எளிதாகச் செல்லுபடியானது? அதற்கு இன்னும் ஐம்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

*

அண்ணா பிறந்தது 1909 செப்டம்பர் 15. நெசவை வாழ்வாகக் கொண்ட செங்குந்தர் சமூகத்தில் பிறந்தார். அதே 1909-இல்தான் எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழு தொகுதிகளாகச் சென்னை அரசு அச்சகத்திலிருந்து வெளிவந்தது. தர்ஸ்டன் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். அளவெடுக்கும் கருவிகளோடு மாகாணம் முழுக்கச் சுற்றி மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்தவர். மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வரும் எண்ணுக்கு நாசிக் குறியீடு என்று பெயர். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆக சாதிப்படியில் இடம் தாழ்கிறது என்று இந்தக் கணக்கைக் கொண்டு ஒரு விதியே சொன்னார். இன்று அறிவியல் இதையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டது. ஆனால் அந்தக் காலத்தில் அது அரசாங்கத்தின் அறிவாக இருந்தது.

செங்குந்தர்களின் பழைய பெயர் கைக்கோளர். தர்ஸ்டனின் மூன்றாம் தொகுதியில் அவர்களைப் பற்றிய நீண்ட பதிவு இருக்கிறது. ஒவ்வொரு கைக்கோளக் குடும்பமும் குறைந்தது ஒரு பெண்ணையாவது கோயில் பணிக்கு விட வேண்டும் என்று அதில் ஒரு செய்தி. பொட்டுக்கட்டும் வழக்கம் சில இடங்களில், சில குடும்பங்களில் இருந்தது உண்மைதான். அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் இடமும் காலமும் உள்ள ஒரு வழக்கம், சாதிப் பெயருக்கு நேரே அச்சில் ஏறும்போது அந்தச் சாதியின் இலக்கணமாகிவிடுகிறது. பாவு தோய்த்து, தார் சுற்றி, தறியில் பாதி வேலையைச் செய்த பெண்கள் பின்னால் போய்விடுகிறார்கள். அந்தச் சாதிப் பெண் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது அந்த ஒரு வரிதான்.

சுவரில் எழுதியவர்கள் தர்ஸ்டனைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஊர்ப்பேச்சிலிருந்து அதிகாரி குறிப்பெடுத்தார். அவருடைய புத்தகம் ஊர்ப்பேச்சுக்கு அரசு முத்திரை கொடுத்தது. அந்தப் பேச்சு மறுபடி தெருவுக்கு வந்தது. இனவாதம் என்றால் வெள்ளைக்காரர் கருப்பினத்தவருக்குச் செய்வது என்றே நம் மாணவிகள் நினைக்கிறார்கள். பிறப்பும் உடம்பும் ஒருவரின் குணத்தையும் தகுதியையும் சொல்லிவிடும் என்று நம்புவது எதுவானாலும் அது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மூக்கை அளந்து சாதியைச் சொன்னதும், சாதியைச் சொல்லித் தாயை ஏசியதும், நிறத்தைக் காட்டித் தலைவரைச் சிரித்ததும் ஒரே கணக்கின் வெவ்வேறு வரிகள்.

*

அந்த 1962 தேர்தலில் காஞ்சிபுரத்துக்காரர்கள் வாதிட வேண்டிய விஷயங்கள் நிறையவே இருந்தன. 1957-இல் அண்ணா இங்கே வென்று சட்டமன்றம் போயிருந்தார். ஐந்து ஆண்டில் தொகுதிக்கு என்ன செய்தார் என்று கேட்டிருக்கலாம். 1953-இல் கைத்தறி நெசவாளர் பட்டினியில் கிடந்தபோது அவரும் தி.மு.க.வினரும் கைத்தறித் துணிகளைத் தெருவில் சுமந்து விற்றார்கள். அதைப் பாராட்டிவிட்டு, துணி விற்றுக் கொடுப்பது தீர்வாகுமா, நூல் விலைக்கும் கூலிக்கும் உங்கள் திட்டம் என்ன என்று கேட்டிருக்கலாம். தி.மு.க. அப்போதும் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிடவில்லை. தனிநாடு வந்தால் காஞ்சிப் பட்டுக்குச் சந்தை எங்கே என்று ஒரு நெசவாளியின் மனைவி கேட்டிருந்தால் அது எவ்வளவு நல்ல கேள்வியாக இருந்திருக்கும்! வசை எழுதிய இடத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. அந்தத் தேர்தலில் மாநிலம் முழுக்க தி.மு.க. 50 இடங்களில் வென்றது. காஞ்சிபுரத்தில் அண்ணா காங்கிரஸின் எஸ்.வி. நடேச முதலியாரிடம் தோற்றார். தோல்விக்குப் பல காரணங்கள் இருக்கும். ஆனால் ஊர் நினைவில் நின்றது வசையும் விளக்கும் மட்டும்தான். கேட்க வேண்டியிருந்த கேள்விகள் ஒன்றும் நிற்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இப்படி ஒரு வசை விழும்போது நம் பக்கத்தார் சொல்லும் பதில் பெரும்பாலும், "எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல" என்பதாகவே இருக்கும். அந்தப் பதிலில் ஒளிந்திருக்கும் 'அப்படிப்பட்டவள்' யார்? அவளை ஏசினால் மட்டும் சரியா?

இதற்கு வேறு பதில் தந்த பெண்கள் அதே காலத்தில் இருந்தார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தேவதாசிக் குடும்பத்தில் வளர்ந்தவர். தன் பின்னணியை மறைக்காமல், அதையே வாதமாக்கிக்கொண்டு பொட்டுக்கட்டு முறைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசியவர். 1936-இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவலை எழுதினார். 1938-இல் இந்தி எதிர்ப்புக்காகத் திருச்சியிலிருந்து சென்னைவரை நடந்த படையில் அவரும் நடந்தார். சென்னை சட்ட மேலவையில் முதல் பெண் உறுப்பினராக இருந்து பொட்டுக்கட்டு ஒழிப்பைக் கொண்டுவந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாய் சந்திரம்மாளும் அந்தப் பின்னணியில் வந்தவர்தான். சட்டம் முழுமையாக வர 1947 ஆனது. பிறப்பைச் சொன்னால் வாயடைத்துப் போவாள் என்று எதிர்பார்த்த ஒரு சமூகத்தில் இந்தப் பெண்கள் வாயடைத்துப் போகவில்லை. "ஆமாம், அதனால் என்ன?" என்பதே அவர்கள் வாழ்க்கை சொன்ன பதிலாக எனக்குப் படுகிறது. 1949-இல் அண்ணாவோடு தி.மு.க.வுக்கு வந்த இராமாமிர்தம் அம்மையார் இறந்ததும் 1962-இல்தான். காஞ்சிபுரத்துப் பெட்ரோமாக்ஸ் கதையைச் சொல்பவர்கள் யாரும் அதே கட்சியில் இருந்த இந்த அம்மையாரை அந்தக் கதையின் பக்கத்தில் வைத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

*

பிறப்பைப் பற்றிய கணக்கைத் திராவிட இயக்கம் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. இழிவின் நிறமாகச் சொல்லப்பட்ட கருப்பைச் சட்டையாக அணிந்துகொண்டது, கொடியில் ஏற்றியது. அது பெரிய காரியம். என் தாத்தாக்கள் தலைமுறைக்கு நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொடுத்த காரியம். ஆனால் அந்த நிமிர்வு ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே அளவில் வந்து சேரவில்லை.

காமராஜரை வடக்கே 'காலா காந்தி' என்றார்கள். விஜயகாந்தை இங்கே 'கருப்பு எம்.ஜி.ஆர்.' என்றார்கள். அசல் காந்திக்கும் அசல் எம்.ஜி.ஆருக்கும் நிறம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, இவர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டியிருந்தது என்பதே யோசிக்க வேண்டிய விஷயம். ஆனாலும் ஆணுக்குக் கருப்பு ஒரு பட்டத்தின் முன்னால் நிற்க முடிந்தது. பெண்ணுக்கு அப்படி ஒரு பட்டம் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. அவளுக்குக் கிடைத்தது 'கருவாச்சி', 'பரட்டை'. பட்டுப்புடவை விளம்பரங்களையே பாருங்கள். நெய்யும் கைகள் என்ன நிறம், உடுத்திக்கொண்டு சிரிக்கும் முகம் என்ன நிறம் என்று காஞ்சிபுரத்துச் சாலைகளில் ஒரு நாள் நின்று பார்த்தால் தெரியும்.

2017 ஏப்ரலில், நொய்டா பகுதியில் ஆப்பிரிக்க மாணவர்கள் தாக்கப்பட்டதைப் பற்றி அல் ஜசீரா தொலைக்காட்சியில் ஒரு விவாதம் நடந்தது. அதில் பா.ஜ.க.வின் முன்னாள் மாநிலங்களவை உறுப்பினர் தருண் விஜய், நாங்கள் இனவாதிகள் என்றால் தென்னிந்தியர்களோடு எப்படி வாழ்வோம், எங்களைச் சுற்றிக் கருப்பர்கள் இருக்கிறார்களே என்ற பொருளில் பேசினார். திருக்குறளை வடக்கே கொண்டுபோகிறேன் என்று நம் ஊர்களில் மாலை வாங்கிக்கொண்டவர் அவர். தமிழ்நாடு கொந்தளித்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கொந்தளிப்பில் நானும் இருந்தேன். 2018 ஜூனில் 'காலா' வெளிவந்தபோது கருப்பின் கொண்டாட்டத்துக்குத் திரையரங்கில் எழுந்து நின்று கைத்தட்டினேன். அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் அந்த மீமை அனுப்பினேன். தருண் விஜய்க்குத் தெரியாமல் வாயில் வந்தது எனக்கும் தெரியாமல் விரலில் வந்தது.

நான் மட்டும் இல்லை. தமிழிசையின் நிறம், முடி, உயரம் பற்றிய கேலிகள் பல ஆண்டுகள் ஓடின. அவற்றைப் பற்றி அவரே பொது மேடைகளில் பலமுறை பேசியிருக்கிறார். கேலி செய்தவர்களில் பலர் தங்களை முற்போக்காளர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். செய்தி இணையதளங்கள் 'நெட்டிசன்கள் கலாய்த்தனர்' என்று தலைப்புப் போட்டு அந்தப் படங்களையே செய்தியாக்கின. யாரோ சொன்னதைத்தானே சொல்கிறோம் என்பது அவர்களுடைய சமாதானம். தர்ஸ்டனும் ஊரில் சொன்னதைத்தான் எழுதினார்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் முதல் கருப்பினப் பெண் உறுப்பினர் டயான் அபோட். 2017 தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் பெண் உறுப்பினர்களுக்கு வந்த வசை ட்வீட்டுகளில் கிட்டத்தட்டப் பாதி அவர் ஒருவருக்கே வந்தன என்று ஆம்னெஸ்டி அமைப்பு கணக்கிட்டது. அதே அமைப்பு 2019 மக்களவைத் தேர்தல் காலத்தில் 95 இந்தியப் பெண் அரசியல்வாதிகளுக்கு வந்த ட்வீட்டுகளை ஆராய்ந்தது. அவர்களைக் குறிப்பிட்டு வந்தவற்றில் ஏழில் ஒன்று வசையாகவோ இழிவாகவோ இருந்தது. முஸ்லிம் பெண்களுக்கு மதத்தைச் சொல்லியும், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்குச் சாதியைச் சொல்லியும் கூடுதலாக வந்தது. எந்தப் பெண்ணின் உடம்பையும் பிறப்பையும் சொன்னால் கூட்டம் சிரிக்கும் என்பது வசைபாடுபவர்களுக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது.

*

தமிழிசைக்காகப் பரிந்து பேசுவதற்காக இதை எழுதவில்லை. அவருடைய அரசியலை அன்றும் எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். எதிர்ப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. ஒரு கட்சித் தலைவர் தன்னை நோக்கி வந்த முழக்கத்துக்குக் காவல்துறையை அழைத்தார், இளம்பெண் ஒருவர் கைதானார். பேச வேண்டியது இதுதான். ஒரு முழக்கத்துக்காக ஒருவரைக் கைது செய்ய முடியுமா? எந்தச் சட்டப்பிரிவில்? புகார் கொடுத்தவர் பெரியவராக இருந்தால் காவல் நிலையம் எவ்வளவு வேகமாக நடக்கிறது? இந்தக் கேள்விகளை எங்கள் குடும்பக் குழுவில் இருந்த பதினெட்டுப் பேரிடம் கொண்டுபோக எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. நான் கொண்டுபோனது ஒரு பெண்ணின் தலைமுடியை. அன்று அந்தக் கைது எங்கள் குழுவில் பேசப்படவே இல்லை. அவர் பதில் சொல்ல வேண்டிய இடத்திலிருந்து அவரை விடுவித்ததே நான்தான். அவமதிக்கப்பட்டவர் என்ற இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, கைதானவரை மறந்தேன். 1962-இல் நூல் விலை காணாமல் போனது போலவே இதுவும் காணாமல் போனது.

இப்போது மாணவிகளிடம் ஒரு சிறிய பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்கிறேன். யாரையாவது விமர்சித்து எழுதினால், அதிலிருந்து நிறம், உடல், சாதி, தாய், படுக்கை பற்றிய சொற்களை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ஏதாவது மிச்சமிருந்தால் அதுதான் விமர்சனம், அதை மட்டும் வெளியிடுங்கள். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் நீங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை. முதல் தடவை செய்து பார்க்கும்போது வகுப்பில் ஓர் அமைதி வரும். எந்தக் கட்சியை ஆதரிக்கும் மாணவியானாலும் அடித்த கோடுகள் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கும்.

2023-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த மாணவி மீதான வழக்கை ரத்து செய்தது. செய்தியை அதே வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நடந்ததை நாலு வரியில் எழுதினேன். சிரிப்புப் பொம்மைகள் வரவில்லை, கட்டைவிரல்கள் இரண்டு மூன்று வந்தன. இரவு தொத்தாவின் குரல் பதிவு வந்தது.

"அஞ்சு வருசம் கேசு நடந்துதா? அந்தப் பொண்ணு படிப்பு என்னாச்சும்மா?"

2018-இல் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.